'சிங்கிள்' என்றால் என்ன? ரேடியோஹெட்டின் 'க்ரீப்' கதையை வைத்து ஓர் எளிய விளக்கம்

1992 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஒரு பாட்டு வெளியானது. விற்பனைப் பட்டியலில் அது எட்டிய இடம் 78. அதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து, 1993 செப்டம்பரில், அதே பாட்டு திரும்பவும் கடைக்கு வந்தது. இந்த முறை 7-ஆம் இடம். நடுவில் பாட்டைப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தார்களா என்றால் அதுவும் இல்லை. கடைக்கு வந்தது முன்பு பதிவான அதே பதிவுதான். பிறகு 78 எப்படி 7 ஆனது?

பாட்டின் பெயர் 'க்ரீப்'. குழுவின் பெயர் ரேடியோஹெட். பக்கத்தில் வந்து நின்றாலே ஒரு மாதிரி கூசச் செய்கிற ஆளை ஆங்கிலத்தில் 'க்ரீப்' என்பார்கள். பாட்டில் வருபவன் அந்தச் சொல்லைத் தன்னைப் பார்த்தே சொல்லிக்கொள்கிறான்.

ராக் இசை பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 'சிங்கிள்' என்றால் என்ன, 'ஆல்டர்நேட்டிவ் ராக்' என்றால் என்ன, ஒரு பாட்டு ஸ்டூடியோவிலிருந்து மக்கள் காதுக்குப் போக யார் யார் கையைத் தாண்ட வேண்டும் என்பதையெல்லாம் தனித்தனியாக விளக்குவதைவிட இந்த ஒரு பாட்டின் பின்னாலேயே போய்விடலாம்.

ஒரு பானைக்கு ஒரு சோறு

'ஃபர்ஸ்ட் சிங்கிள்' என்ற சொல் இன்று நம் எல்லோருக்கும் தெரியும். படம் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு பாட்டை மட்டும் யூடியூபில் விடுவார்கள். அங்கே சிங்கிள் என்பது ஓர் அறிவிப்பு, படத்துக்கான விளம்பரம். ஆனால் 1990-களின் இங்கிலாந்தில் சிங்கிள் என்பது கையில் பிடிக்கக்கூடிய பொருள். ரெக்கார்டு கடைக்குப் போய், காசு கொடுத்து, ஒரு சிடியையோ கேசட்டையோ வினைல் தட்டையோ வாங்கி வருவார்கள். அதில் முக்கியமான பாட்டு ஒன்று இருக்கும். கூடவே 'பி-சைடு' என்று சொல்லப்படும் இரண்டு மூன்று உதிரிப் பாட்டுகளும் இருக்கும்.

ஒரு வாரத்தில் நாடு முழுக்கக் கடைகளில் எந்த சிங்கிள் எத்தனை விற்றது என்று கணக்கெடுத்து வரிசைப்படுத்துவதுதான் 'சார்ட்'. அப்போது இங்கிலாந்தின் சார்ட் முழுக்க முழுக்க விற்பனைக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை பிபிசி ரேடியோ 1 முதல் 40 இடங்களை வரிசையாக ஒலிபரப்பும். நாடே உட்கார்ந்து கேட்கும். ஆக 78-ஆம் இடம் என்பது ரேடியோவில் பெயர்கூட வாசிக்கப்படாத இடம்.

ரெக்கார்டு கம்பெனியின் பார்வையில் சிங்கிள் என்பது ஒரு பானைச் சோற்றுக்கு எடுத்துக் காட்டும் ஒரு சோறு. பின்னால் வரப்போகும் ஆல்பத்தை வாங்கலாமா வேண்டாமா என்பதை ஜனங்கள் இதை வைத்து முடிவு செய்வார்கள். எந்தச் சோற்றை எடுப்பது என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. குழு ஒன்றை நினைக்கும், ஸ்டூடியோவில் பதிவை முன்னின்று நடத்தும் தயாரிப்பாளர் ஒன்றை நினைப்பார், கம்பெனி வேறொன்றை நினைக்கும். 'க்ரீப்' விஷயத்தில் முதலில் அதை யாருமே நினைக்கவில்லை.

எதற்கு ஆல்டர்நேட்டிவ்?

'ஆல்டர்நேட்டிவ்' என்றால் 'மாற்று'. எதற்கு மாற்று என்று கேட்பதுதான் நியாயம். 1980-களில் அமெரிக்காவின் பெரிய வானொலி நிலையங்கள் ஒரே மாதிரியான பளபளப்பான பாட்டுகளைத்தான் திரும்பத் திரும்பப் போட்டன. அவற்றில் இடம் கிடைக்காத குழுக்கள் கல்லூரி வானொலிகளிலும் சின்னக் கம்பெனிகளின் தட்டுகளிலும் வளர்ந்தன. இங்கிலாந்தில் இதன் பங்காளிக்கு 'இண்டி' என்று பெயர். அதாவது சத்தத்தை வைத்து வந்த பெயர் இல்லை. எந்த வாசலில் விடவில்லையோ அந்த வாசலை வைத்து வந்த பெயர்.

1988-இல் 'பில்போர்டு' பத்திரிகை இந்த வகைப் பாட்டுகளுக்கென்றே 'மாடர்ன் ராக்' என்று தனிப் பட்டியல் தொடங்கியது. 1992 ஜனவரியில் நிர்வாணா குழுவின் ஆல்பம் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. அதுவரை கொல்லைப்புறத்தில் நின்ற வகை திடீரென்று நடு ஹாலுக்கு வந்துவிட்டது. அந்தக் குழுக்களின் பாட்டில் ஒரு பழக்கம் உண்டு. சரணத்தில் முணுமுணுப்பு, பல்லவியில் இடி. அதைக் கேட்க அமெரிக்கக் காது அப்போது பழகிக்கொண்டிருந்தது. நம் கதைக்கு இது முக்கியம், பிறகு வருகிறேன்.

வெள்ளிக்கிழமைப் பையன்கள்

ரேடியோஹெட்டில் ஐந்து பேர். பாடகர் டாம் யார்க், கிதாரில் ஜானி கிரீன்வுட்டும் எட் ஓ'பிரையனும், பேஸ் கிதாரில் ஜானியின் அண்ணன் காலின், டிரம்ஸில் ஃபில் செல்வே. ஐவரும் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆபிங்டன் பள்ளியில் படித்தவர்கள். வெள்ளிக்கிழமைகளில் பள்ளியின் இசை அறையில் ஒத்திகை பார்த்ததால் குழுவுக்கு 'ஆன் எ ஃப்ரைடே' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

படிப்பு முடிந்ததும் காலின் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு ரெக்கார்டு கடையில் வேலை பார்த்தார். அங்கே வந்துபோகும் இஎம்ஐ கம்பெனி விற்பனையாளர் ஒருவரிடம் தங்கள் மாதிரிப் பதிவான 'டெமோ' கேசட்டைக் கொடுத்தார். 1991 இறுதியில் அதே கம்பெனியின் தட்டு வெளியிடும் பிரிவான பார்லஃபோன் லேபிளில் ஒப்பந்தம் ஆனது. பீட்டில்ஸ் இருந்த அதே லேபிள்தான். பெயரை மாற்றச் சொன்னார்கள். டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் ஒரு பாட்டிலிருந்து 'ரேடியோஹெட்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

1992 மே மாதம் 'ட்ரில்' என்ற பெயரில் நான்கு பாட்டுகள் கொண்ட தட்டு வந்தது. அது 101-ஆம் இடத்தைப் பிடித்தது. மொய்ப்பணம்கூடத் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தட்டுக்கு வேறு தயாரிப்பாளர்களைத் தேடினார்கள்.

வந்தவர்கள் ஷான் ஸ்லேட், பால் கோல்டெரி என்ற இரண்டு அமெரிக்கர்கள். பாஸ்டன் வட்டாரத்து ஃபோர்ட் அப்பாச்சி ஸ்டூடியோவில் இந்த வகைக் குழுக்களோடு வேலை செய்தவர்கள். ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் சிப்பிங் நார்ட்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பழைய பள்ளிக் கட்டிடத்தில் இயங்கிய ஸ்டூடியோவில்தான் பதிவு. அவர்களிடம் கொடுத்த வேலை 'இன்சைட் மை ஹெட்', 'லர்ஜி' என்ற இரண்டு பாட்டுகளைச் சிங்கிளாகத் தேற்றுவது. 'க்ரீப்' அந்தப் பட்டியலிலேயே இல்லை.

காது கேட்டது ஒன்று

'க்ரீப்' பாட்டை யார்க் 1980-களின் கடைசியில், எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே எழுதிவிட்டார். ஒத்திகையில் ஒரு நாள் குழு அதை இயல்பாக வாசித்துக் காட்டியது. வாசித்து முடித்ததும் யார்க், "இது எங்களுடைய ஸ்காட் வாக்கர் பாட்டு" என்கிற மாதிரி எதையோ சொன்னார். ஸ்காட் வாக்கர் 1960-களில் ஆழ்ந்த குரலில் சோகத்தைப் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு பாடியவர். யார்க் சொல்ல வந்தது அவர் பாணியில் தாங்கள் எழுதிய பாட்டு என்று. தயாரிப்பாளர்கள் புரிந்துகொண்டது ஸ்காட் வாக்கர் பாடிய பாட்டு என்று. வெளியே வரும்போது, இவர்களுடைய சிறந்த பாட்டு அடுத்தவர் பாட்டாகப் போய்விட்டதே என்று ஒருவர் மற்றவரிடம் வருத்தப்பட்டாராம்.

பதிவு தொடங்கிய பிறகு கொடுத்த இரண்டு பாட்டுகளும் இழுத்துக்கொண்டே போயின. எத்தனை தடவை வாசித்தாலும் ஒட்டவில்லை. பையன்கள் சோர்ந்துவிட்டார்கள். சரி, மனசு லேசாகட்டுமே என்று அந்தப் 'பழைய பாட்டை' வாசிக்கச் சொன்னார்கள். ஒரே டேக். வாசித்து முடித்ததும் அறையில் ஒரு கணம் அமைதி, அப்புறம் கைதட்டல். அது அவர்களே எழுதிய பாட்டுதான் என்று தெரிந்ததும் கோல்டெரி கம்பெனிக்குப் போன் போட்டு, இதைச் சிங்கிளாக யோசியுங்கள் என்றார்.

ஸ்டூடியோக் கதைகளில் 'ஒரே டேக்' என்று வந்தாலே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும், யாருக்குத்தான் அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசையில்லை. ஆனால் இந்தப் பதிவைக் கேட்டால் நம்ப முடிகிறது. ஐந்து பேர் ஓர் அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கும் தளர்வும் இறுக்கமும் அதில் கேட்கும்.

மூன்று கட்டைகள்

இனி பாட்டுக்குள்ளே போவோம். ஹார்மோனியமோ கீபோர்டோ பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் பியானோ ஆப் இருந்தாலும் போதும்.

'கார்ட்' என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் மூன்று நான்கு ஸ்வரங்கள். 'க்ரீப்' பாட்டில் மொத்தமே நான்கு கார்டுகள்தான். ஜி மேஜர், பி மேஜர், சி மேஜர், சி மைனர். சுமார் 20 விநாடிக்கு ஒரு சுற்று. முதலிலிருந்து கடைசி வரை இந்தச் சுற்றுதான் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. பல்லவிக்கு வேறு, சரணத்துக்கு வேறு என்றெல்லாம் இல்லை. காகிதத்தில் பார்த்தால் சலிப்பூட்ட வேண்டிய பாட்டு. ஏன் சலிக்கவில்லை?

கீபோர்டில் கறுப்புக் கட்டைகள் இரண்டாகவும் மூன்றாகவும் கூட்டமாக இருக்கும். இரண்டு கறுப்பு உள்ள இடத்தைப் பாருங்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வெள்ளைக் கட்டை டி. அதற்கு வலப்பக்கக் கறுப்பு டி ஷார்ப். அதற்கும் அடுத்த வெள்ளை ஈ. இந்த மூன்று கட்டை மட்டும் போதும். டி, டி ஷார்ப், ஈ, திரும்ப டி ஷார்ப், திரும்ப டி. ஒவ்வொன்றையும் நான்கைந்து விநாடி அழுத்திப் பிடித்து மெதுவாக வாசியுங்கள். ஒரு படி ஏறி, இன்னொரு படி ஏறி, தயங்கி, இறங்கி வந்து பழைய இடத்திலேயே உட்காருகிறது, இல்லையா? நான்கு கார்டுகளின் வயிற்றுக்குள்ளே ஓடுவது இந்தக் கோடுதான். ஜி மேஜரில் டி இருக்கிறது, பி மேஜரில் டி ஷார்ப், சி மேஜரில் ஈ, சி மைனரில் மறுபடி டி ஷார்ப்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம். ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் இந்தக் கோடு பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம், பஞ்சமம். ஒரு ராகத்தில் இரண்டு தைவதமும் இப்படி அடுத்தடுத்து வந்து நிற்பது நமக்குப் பழக்கமில்லை. அதனால்தானோ என்னவோ நம் காதுக்கு அந்த இடம் இன்னும் கூர்மையாகப் படுகிறது. பி மேஜர் கார்டு அந்த வீட்டுக்குச் சொந்தமில்லாத விருந்தாளி, டி ஷார்ப் என்பது ஜி மேஜரின் ஸ்வர வரிசையிலேயே இல்லாத ஸ்வரம். அது நுழைந்ததும் ஏதோ நடக்கப்போகிறது என்று ஓர் எதிர்பார்ப்பு எழும்புகிறது. சி மேஜரில் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. அப்புறம் ஒரே ஒரு ஸ்வரம் அரைப் படி இறங்கி சி மைனர் ஆகிறது. முகம் தொங்கிப்போகிறது. நம்பிக்கை வைத்து ஏமாறுகிறவனின் கதையை வரிகள் சொல்வதற்கு முன்னாலேயே கார்டுகள் சொல்லிவிடுகின்றன. அதுவும் பதினோரு தடவைக்கு மேல்.

வரிகளில் இருப்பது எளிய விஷயம். ஒருவனுக்கு ஒருத்தியின் மேல் ஈர்ப்பு. அவள் எங்கோ உயரத்தில் இருக்கிறாள், தான் அந்த இடத்துக்கு ஆகாதவன் என்று நினைக்கிறான். அவ்வளவுதான்.

கெடுக்கப் போய்

பாட்டு சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது, பல்லவி தொடங்குவதற்குச் சற்று முன்னால் 'க்ரக்-க்ரக்' என்று கிதார் இரண்டு மூன்று தரம் இடிக்கும். தகரக் கதவை யாரோ உதைத்த மாதிரி. அது ஸ்வரமே இல்லை. இடது கையால் தந்திகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஓங்கி அடித்தால் வருகிற செத்த ஒலி, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் வழியாகப் பெரிதாகி வருகிறது.

ஜானி கிரீன்வுட்டுக்கு அந்தப் பாட்டின் அமைதி பிடிக்கவில்லை. அதனால் அடித்தார், அதுதான் அவர் சொன்ன காரணம். எட் ஓ'பிரையன் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். ஜானி பாட்டைக் கெடுக்கப் பார்த்தான், அதுவே பாட்டைத் தூக்கி நிறுத்திவிட்டது என்று. அப்போது ஜானிக்கு இருபது வயது. பின்னாளில் திரைப்படங்களுக்கு இசையமைத்து, ஜோத்பூர் கோட்டையில் ராஜஸ்தானிக் கலைஞர்களோடு உட்கார்ந்து ஆல்பம் போட்ட அதே மனிதர்தான். பொறுமை வர நாளாகும் போல.

அந்த அடி இல்லாமல் பாட்டை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். அழகான, கொஞ்சம் அழுமூஞ்சியான பாட்டாக இருந்திருக்கும். அந்த இடி வந்ததும்தான் தன்னிரக்கத்துக்கு அடியில் கோபமும் இருக்கிறது என்று தெரிகிறது. முணுமுணுப்புக்கும் இடிக்கும் நடுவே ஒரு கோடு கிழித்ததும் அந்த ஒலிதான். அமெரிக்கக் காது பழகிக்கொண்டிருந்தது என்று சொன்னேனே, அந்தக் காதுக்குள் இது நேராகப் போய் உட்காரும்.

இன்னொரு விபத்து கடைசியில் இருக்கிறது. ஜானி ஒரு பியானோப் பகுதியும் வாசித்திருந்தார். பதிவான ஒலிகளை எவ்வளவு சத்தம், எந்த இடத்தில் என்று கலப்பதுதான் 'மிக்ஸிங்'. அதைச் செய்த கோல்டெரி பியானோவை உயர்த்த மறந்துவிட்டார். பாட்டு முடியப்போகும் நேரத்தில்தான் ஞாபகம் வந்து உயர்த்தினார். குழு கேட்டது, இப்படியே இருக்கட்டும் என்றது. அதனால்தான் எல்லாச் சத்தமும் ஓய்ந்த பிறகு, விருந்து முடிந்து எல்லோரும் போன வீட்டில் யாரோ தனியாக வாசிப்பதுபோல அந்தப் பியானோ கேட்கிறது.

சோகம் ஜாஸ்தி

1992 செப்டம்பர் 21 அன்று தட்டு வெளியானது. முதலில் சிங்கிளாக ஆக வேண்டிய 'இன்சைட் மை ஹெட்', 'லர்ஜி' இரண்டும் இதன் பி-சைடுகளாக ஒதுங்கின.

பிபிசி ரேடியோ 1-க்குப் பாட்டு பிடிக்கவில்லை. சோகம் ரொம்ப ஜாஸ்தி என்று கருதி அதை ஒதுக்கி வைத்தது. அன்றைய இங்கிலாந்தில் அந்த ஒரு நிலையம் போடாவிட்டால் நாடு கேட்காது. நாடு கேட்காவிட்டால் கடையில் யாரும் வாங்க மாட்டார்கள். சுமார் 6,000 பிரதிகள் விற்றன. 78-ஆம் இடம்.

அடுத்து 1993 பிப்ரவரியில் 'எனிஒன் கேன் ப்ளே கிதார்' என்ற சிங்கிள் 32-ஆம் இடம் வரை போனது. அதே மாதம் 'பாப்லோ ஹனி' ஆல்பம் வந்தது. மே மாதம் 'பாப் இஸ் டெட்' 42-ஆம் இடம். இந்த இரண்டு சிங்கிள்களையும் இன்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இரண்டுமே அன்று 'க்ரீப்'பைவிட மேலே நின்றன என்பதை நினைவில் வையுங்கள். சார்ட் பொய் சொல்லாது. என்ன, அது சொல்வது அந்த வாரத்துக் கடைக் கணக்கை மட்டும்தான்.

டெல் அவீவ் வழியாக

இங்கிலாந்தில் கதவு சாத்தியபோது திறந்தது இஸ்ரேலில். அங்கே ராணுவம் நடத்தும் வானொலி ஒன்று உண்டு. ராணுவ வானொலி என்றதும் அணிவகுப்பு இசை என்று நினைக்க வேண்டாம், இளைஞர்கள் விரும்பிக் கேட்கும் நிலையம் அது. அங்கே யோவ் குட்னர் என்ற புகழ்பெற்ற தொகுப்பாளர் 'க்ரீப்'பைத் திரும்பத் திரும்பப் போட்டார். பாட்டு அந்த நாட்டில் ஹிட். சொந்த ஊரில் சீந்த ஆளில்லாத குழு 1993-இல் டெல் அவீவுக்குப் பறந்து போய், தெருவில் ஆட்கள் அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குக் கச்சேரி செய்தது.

பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ. 'லைவ் 105' என்று அழைக்கப்படும் மாடர்ன் ராக் நிலையம் பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் உள்ள மற்ற நிலையங்களுக்கும் தொற்றியது. அமெரிக்க வானொலிக்கு ஒரு தடங்கல் இருந்தது. பல்லவிக்குச் சற்று முன்னால் ஒரு கெட்ட வார்த்தை. அதை எடுத்துவிட்டு 'வெரி' என்ற சாதுவான சொல்லைப் போட்டு யார்க் மறுபடி பாடிக் கொடுத்தார். வானொலிக்கு அந்தப் பதிப்பு, தட்டில் பழைய பதிப்பு. காரமில்லாத சாம்பார் மாதிரிதான் இருக்கும் அது. அந்தச் சொல்லில்தான் பாடுகிறவனின் ஆத்திரம் இருக்கிறது, 'வெரி'யில் வெறும் ஏக்கம்தான் மிஞ்சுகிறது. ஆனாலும் வாசல் திறந்தது அதற்குத்தான்.

பாட்டு சேனலான எம்டிவியும் வீடியோவைப் போடத் தொடங்கியது. பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் 2-ஆம் இடம், எல்லா வகைப் பாட்டுகளும் அடங்கிய பொதுப் பட்டியலில் 34-ஆம் இடம். பிரிட்டனிலிருந்து வந்த ஒரு புதுக் குழுவுக்கு அந்த ஆண்டில் இது பெரிய விஷயம்.

இங்கேதான் ஆரம்பக் கேள்விக்கு விடை இருக்கிறது. லண்டனில் ஒரே ஒரு பெரிய வாயில்காப்பாளர். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அமெரிக்காவிலோ ஊருக்கு ஊர் நிலையம், ஒன்று தட்டிக்கழித்தால் இன்னொன்று. அதோடு 1992-க்குப் பிறகு நிர்வாணா மாதிரி யார் கிடைப்பார்கள் என்று அந்த நிலையங்கள் வலை வீசிக்கொண்டிருந்தன. லண்டனில் 'சோகம் ஜாஸ்தி' என்று ஒதுக்கப்பட்ட அதே குணம் கலிஃபோர்னியாவில் 'இதுதான் வேண்டும்' ஆகிவிட்டது.

அமெரிக்காவில் கேட்கிறார்கள் என்றதும் இங்கிலாந்துக்கும் காது முளைத்தது. கம்பெனி 1993 செப்டம்பரில் மறுபடி வெளியிட முடிவு செய்தது. குழுவுக்கு அதில் பெரிய உற்சாகம் இல்லை. ஏற்கெனவே ஒருமுறை விற்ற பண்டத்தையே திரும்ப விற்கிறோமே என்ற கூச்சம். ஆனாலும் பாட்டு 7-ஆம் இடத்துக்குப் போனது. நாட்டின் பெரிய பாட்டு நிகழ்ச்சியான 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' மேடையிலும் வாசித்தார்கள்.

பங்கு கேட்டு வந்தவர்கள்

பாட்டு பெரிதானதும் வக்கீலும் வருவார். 1972-இல் ஆல்பர்ட் ஹாமண்ட், மைக் ஹேசல்வுட் என்ற இருவர் 'தி ஏர் தட் ஐ ப்ரீத்' என்ற பாட்டை எழுதினார்கள். 1974-இல் தி ஹாலிஸ் குழு பாடி உலகம் முழுக்கப் பிரபலமானது. அதிலும் நாம் கீபோர்டில் தேடிய அதே ஏற்ற இறக்கம் உண்டு. மெட்டிலும் ஓர் இடம் நெருக்கமாக ஒத்துப்போகிறது. உரிமை வைத்திருந்த பதிப்பு நிறுவனம் வழக்குப் போட்டது.

கார்டு வரிசை என்பது யாருக்கும் தனிச் சொத்து இல்லை, ஆயிரம் பாட்டுகள் ஒரே வரிசையில் வரும். மெட்டும் சேர்ந்து ஒத்துப்போகும்போதுதான் பிரச்சினை. ரேடியோஹெட் இழுத்தடிக்காமல் ஒத்துக்கொண்டது. அவர்கள் நேர்மையாக நடந்துகொண்டதால் தாங்களும் மொத்தத்தையும் கேட்காமல் ஒரு சின்னப் பங்கோடு நிறுத்திக்கொண்டதாக ஹாமண்ட் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் ஐந்து பேரோடு அவர்கள் இருவர் பெயரும் சேர்த்து ஏழு பெயர்கள். 2018-இல் இதுவே திரும்பி நடந்தது. தன் பாட்டு ஒன்று 'க்ரீப்' மாதிரி இருக்கிறது என்று ரேடியோஹெட் தரப்பு உரிமை கேட்பதாக லானா டெல் ரே சொன்னார். முன்பு கேட்கப்பட்டவர்கள் இப்போது கேட்பவர்கள்.

பாட்டுக்குப் பிறகு

1993-இல் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போனபோது ஒன்றைக் கவனித்தார்கள். 'க்ரீப்' வாசிக்கும் வரை கூட்டம் இருக்கும். வாசித்ததும் ஒரு பகுதி எழுந்து போய்விடும். ஒரே பாட்டை ஊர் ஊராகத் தினமும் வாசிப்பது என்பது தினமும் ஒரே ஆளாக வேஷம் கட்டுவது மாதிரி. அதுவும் இருபது வயதில் எழுதிய தன்னிரக்கத்தை, அந்த மனநிலையைத் தாண்டிய பிறகும் அதே உணர்ச்சியோடு பாட வேண்டும்.

1994-இல் 'மை அயர்ன் லங்' என்று ஒரு பாட்டு எழுதினார்கள். இரும்பு நுரையீரல் என்பது போலியோ நோயாளிகளைப் படுக்க வைத்து மூச்சு விடச் செய்த பழைய இயந்திரம். உயிரைக் காப்பாற்றும், ஆனால் உள்ளேயே அடைத்தும் வைக்கும். 'க்ரீப்' தங்களுக்கு அப்படித்தான் ஆகிவிட்டது என்பதுதான் பாட்டின் சாரம். அந்த ஒரு பாட்டில் கிடைத்த பேரும் காசும் இல்லாவிட்டால் கம்பெனி அடுத்த ஆல்பத்துக்கு அவ்வளவு பொறுமையாகக் காத்திருக்குமா என்பது சந்தேகம்தான். அது அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது.

பிறகு வருடக்கணக்கில் அதை மேடையில் தொடாமலே இருந்தார்கள். ரசிகர்கள் கத்திக் கேட்பார்கள், இவர்கள் வேறு எதையாவது வாசிப்பார்கள். 2009-இல் இங்கிலாந்தின் ரீடிங் இசை விழாவில், கூட்டம் வழக்கம்போல இன்றும் கிடைக்காது என்று நினைத்து நின்றுகொண்டிருந்தபோது, நிகழ்ச்சியின் முதல் பாட்டாகவே 'க்ரீப்'பை எடுத்து வைத்தார்கள். ஜி மேஜர், பி மேஜர், சி மேஜர், சி மைனர். பல்லவிக்கு முன்னால் ஜானி கிதாரை ஓங்கி அடித்தார், 'க்ரக்-க்ரக்'. அதைக் கேட்க மட்டும் வந்தவர்கள் அன்று முதல் பாட்டோடே எழுந்து போயிருக்கலாம்.